வயதான காலத்துக்கு யார் பொறுப்பு?

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று உங்களோடு பேசுவேன். இன்றைக்குப் பயிரை விட்டுவிட்டு, பயிர் செய்கிறவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில நாட்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் மாலைக் கூட்டம் போட்டிருந்தோம். மணிலாப் பயிரில் சுருள் பூச்சி வந்திருந்தது. அதைப் பற்றி நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"சார், மல்லாட்டைக்கு என்ன அடிக்கணும்னு சொன்னீங்க, சந்தோசம். எனக்கு அறுபத்தெட்டு முடியுது. குனிஞ்சா நிமிர முடியல. எனக்கு யாரு சோறு போடணும்? பெத்த புள்ளையா, சர்க்காரா? அதச் சொல்லுங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு இளைஞர், "பெத்தவங்களுக்குச் சோறு போட சர்க்காரு எதுக்கு? அது நம்ம கடமை இல்லையா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "கடமைதாம்பா. ஒன்றரை ஏக்கர்ல நானும் என் புள்ளைங்களும் சாப்பிட்டு, அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் பார்க்க முடியுமா? சர்க்காருதான் பார்க்கணும்" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நேரமாகிவிட்டதென்று சொல்லி நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவருக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்து இன்று சொல்கிறேன்.

மூன்று வகைச் செலவு

சாகுபடிச் செலவை நாம் எப்படிக் கணக்குப் பார்க்கிறோம்? விதை, உரம், ஆள் கூலி என்று பிரித்துத்தானே பார்க்கிறோம்? முதுமைச் செலவையும் அப்படிப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, சோறு. அதாவது சாப்பாடு, துணிமணி, வீடு. இரண்டு, மருந்து. இரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணில் புரை, முட்டி வலி, விழுந்து எலும்பு முறிவு. மூன்று, கை. எழுந்து நடக்கமுடியாமல் போனால் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள் வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "பிள்ளையா, சர்க்காரா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். பிரித்து வைத்தால் யார் எதைச் சுமக்கமுடியும் என்பது தெரியும்.

முதலில் சோறு

நம் மாநிலத்தில் முதியோர் உதவித் தொகை இன்று நேற்று வந்ததல்ல. 1962-ல் மாதம் 20 ரூபாய் என்று தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் 1995-ல் மாதம் 75 ரூபாயில் வந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் இத்தொகை 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டு மாதம் முதல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு 200 ரூபாய், 80 வயதைத் தாண்டியவருக்கு 500 ரூபாய். இந்தப் பங்கு பல ஆண்டுகளாகக் கூடவில்லை. மிச்சத்தை மாநில அரசுதான் போடுகிறது.

1,200 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு 40 ரூபாய். "இது எந்த மூலைக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டிக்கு ரேஷன் அரிசியோடு இந்த 40 ரூபாயும் சேர்ந்தால் அடுப்பு எரியும். அது மட்டுமல்ல. மகன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் அம்மாவின் கையில் மாதம் பிறந்தால் சொந்தமாகக் கொஞ்சம் காசு இருக்கிறது என்றால், பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுப்பார். அந்த வீட்டில் அவருக்கு உள்ள மரியாதையே வேறு. இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குறை எங்கே இருக்கிறது? இந்தத் தொகை ஆதரவில்லாத ஏழைகளுக்கு என்று வகுக்கப்பட்டது. கொஞ்சம் நிலம் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் மனு தள்ளுபடியாகலாம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர் காகிதத்தில் நிலச் சொந்தக்காரர். மழை பொய்த்த வருஷம் அந்த நிலம் அவருக்கு என்ன கொடுக்கிறது? உதவி கேட்டால், "உனக்குத்தான் நிலம் இருக்கே" என்கிறார்கள். பாங்கியில் பெரிய கடன் கேட்டால், "இந்த நிலம் போதாது" என்கிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவரும் அப்படிப்பட்டவர்தான்.

வரி கட்டுகிறவர் யார்?

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்லியாகவேண்டும். "வரி கட்டுகிறவன் பட்டணத்து ஆள். அவன் காசில் நாம் உட்கார்ந்து சாப்பிடலாமா?" என்று கிராமத்திலேயே சிலர் கூச்சப்படுகிறார்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது சரி. ஆனால் நீங்கள் வரியே கட்டாதவரா? டிராக்டருக்கு ஊற்றும் டீசலில் மத்திய அரசின் வரி, மாநில அரசின் வரி இரண்டும் இருக்கின்றன. சோப்பு, தேங்காய் எண்ணெய், செருப்பு, டிராக்டர் உதிரி பாகம் எல்லாவற்றிலும் 2017 முதல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. 2025 செப்டம்பரில் சோப்பு போன்ற சாமான்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. இருபது வயதில் ஏர் பிடித்தவர் அறுபது வயதுவரை, நாற்பது வருஷம், தீப்பெட்டி வாங்கும்போதெல்லாம் வரி கட்டித்தான் வந்திருக்கிறார். கைக்கு ரசீது வராததால் அது கணக்கில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் அரசு ஊழியன். என் ஓய்வுக் காலத்துக்காக மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள். அதோடு அரசும் ஒரு பங்கு போடுகிறது. அரசு போடும் பங்கு எங்கிருந்து வருகிறது? உங்கள் டீசலிலிருந்தும் சோப்பிலிருந்தும்தான். என் முதுமைக்கு நீங்கள் பங்கு போடலாம், உங்கள் முதுமைக்கு வரிப்பணத்திலிருந்து பங்கு கேட்டால் அது பிச்சையா? நிச்சயமாக இல்லை. ஆகவே அடிப்படைச் சோற்றுக்கு வரிப்பணத்திலிருந்து ஒரு தொகை வருவது நியாயம் என்பதே என் கருத்து. இளம் வயதில் சேர்த்து வைக்கவில்லையே என்று விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் விளைபொருளுக்கு அவரே விலை வைக்கவில்லை; மழையும் அவர் கையில் இல்லை.

மற்ற தேசங்களில்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜெர்மனியில் 1889-லேயே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, அரசாங்கம் ஒரு பங்கு என்று ஏற்பாடு. டென்மார்க்கில் 1891-ல் ஏழை முதியவர்களுக்கு வரிப்பணத்திலிருந்தே கொடுத்தார்கள். இங்கிலாந்தில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். ஆனால் முதியோர் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குச் சொத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். சொத்து ஒரு அளவுக்கு மேல் இருந்தால் செலவு அவரவருடையது. தனியாக இருந்தவர் முதியோர் இல்லத்துக்குப் போனால் அவருடைய வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அதனால் வீட்டை விற்க நேர்ந்தவர்கள் அங்கே உண்டு. பல வருஷமாக இது ஒரு பெரிய சண்டை.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு முதல் வேறு வழி. 40 வயதானதும் எல்லாரும் முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டவேண்டும். செலவில் பாதி அந்தச் சந்தாவிலிருந்தும், பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. பராமரிப்பைப் பெறுகிறவரும் பத்தில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும்; வசதி உள்ளவர் அதற்கு மேலும் கொடுக்கவேண்டும். பணக்கார தேசங்கள்கூட முழுவதையும் சர்க்கார் தலையிலோ, முழுவதையும் குடும்பத்தின் தலையிலோ கட்டி நிம்மதி கண்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது மருந்து

மருந்துச் செலவைத் தனி ஆள் சேமித்துச் சமாளிப்பது கடினம். யாருக்கு எப்போது எந்த வியாதி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருவர் எண்பது வயதுவரை மாத்திரையே தொடமாட்டார். இன்னொருவர் ஐம்பத்தைந்தில் பக்கவாதத்தில் விழுவார். ஊரே சேர்ந்து சுமந்தால்தான் இந்தப் பாரம் தாங்கும். அதனால்தான் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்றவை வந்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறதா என்று நாளைக்கே போய் விசாரியுங்கள்.

மூன்றாவது, கை

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். பிறகு பதினான்கு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார்கள், ஊரில், அண்ணன் வீட்டில். நான் மாதா மாதம் பணம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் பங்கை முழுசாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அண்ணன் கேட்டார்: "தம்பி, நீ அனுப்பற பணம் மருந்துக்குச் சரியாப் போவுது. உங்க அண்ணி இந்த ஒரு வருஷத்துல எத்தனை நாள் களையெடுக்கப் போனா, தெரியுமா? ஒரு நாள்கூட இல்ல. ராத்திரி ரெண்டு தடவ எழுந்து அம்மாவப் பொரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். அவளுக்கு யாரு கூலி குடுக்கறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணி தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நடவாளின் ஒரு நாள் கூலி, மாதம் முப்பது நாள், பதினான்கு மாதம். நான் அனுப்பிய பணத்தைவிட அது அதிகமாக வந்தது. அதுவும் பகல் வேலைக்கு மட்டும். இரவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"பிள்ளைதான் பார்க்கவேண்டும்" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பார்ப்பவர் பிள்ளை இல்லை. மருமகள், அல்லது மகள். அவர்கள் பெயரில் பட்டா இல்லை, ஓய்வூதியம் இல்லை. நாளைக்கு அவர்களுக்கு வயதாகும்போது யார் பார்ப்பது? வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருந்தார்கள். இன்று வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் ஓசூரில், ஒருவர் திருப்பூரில். ஊரில் கை குறைந்துவிட்டது. அன்பு குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே பணம் அனுப்பும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்துக்கு அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பார்த்துக்கொள்கிறவரின் கையில், அவர் பெயரில், தனியாக ஒரு தொகை கொடுங்கள். வருஷத்தில் பதினைந்து நாளாவது நீங்களே வந்து இருந்து, அவரை அவருடைய பிறந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

நீங்கள் இப்போதே செய்யவேண்டியவை

சர்க்கார் பங்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பங்குக்கு என்ன செய்யலாம்?

ஒன்று: நாற்பது வயதுக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு 2019-ல் கொண்டுவந்தது பிரதம மந்திரி கிசான் மான்தன் ஓய்வூதியத் திட்டம். ஐந்து ஏக்கர், அதாவது இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 29 வயதில் சேர்ந்தால் 100 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாய். நீங்கள் கட்டும் அளவுக்கு மத்திய அரசும் கட்டும். 60 வயது முடிந்ததும் மாதம் 3,000 ரூபாய். ஓய்வூதியம் பெறுகிறவர் இறந்தால் துணைவருக்கு 1,500 ரூபாய். 29 வயதில் சேருகிறவர் 31 வருஷத்தில் கட்டுவது மொத்தம் 37,200 ரூபாய். வாங்கும்போது ஒரே வருஷத்தில் 36,000 ரூபாய் வந்துவிடும். மனைவியும் தனியாகச் சந்தா கட்டிச் சேரலாம். ஒரு எச்சரிக்கை: முப்பது வருஷம் கழித்து 3,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது. 1962-ல் கொடுத்த 20 ரூபாயை நினைத்துப் பாருங்கள். இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

இரண்டு: உடம்பு ஓய்ந்த பிறகும் வருமானம் தரும் பயிர் கொஞ்சம் வையுங்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஐம்பது வயதுக்கு முன்பே வீட்டுப் பக்கம் இருபது தென்னை வைத்துவிடவேண்டும். 25 அடி இடைவெளி விட்டு வைத்தால் நெட்டை ரகம் ஆறேழு வருஷத்தில் காய்க்கும். ஆனால் வெள்ளை ஈ வந்து படுத்தும் காலம் இது; எல்லாவற்றையும் தென்னையிலேயே போடாமல் வரப்போரம் பத்து தேக்கு, இரண்டு புளி, இரண்டு முருங்கை என்று கலந்து வையுங்கள். குனியாமல் வருகிற வருமானம் முதுமையில் பெரிய துணை.

மூன்று: நிலத்தை எழுதிக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். "இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிடலாம்" என்று தான செட்டில்மெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு அலைந்தவர்கள் உண்டு. எழுதியே ஆகவேண்டும் என்றால், உங்கள் இருவர் ஆயுள் உள்ளவரை நிலத்தை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். "எங்களைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றவேண்டும்" என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் தெளிவாகச் சேருங்கள். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம்.

நான்கு: 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 60 வயதானவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன், மகள் இருவருக்கும் இந்தக் கடமை உண்டு. சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். காப்பாற்றும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யவும் இதில் இடமிருக்கிறது. இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கோர்ட்டு, கச்சேரி வேண்டாம், ஆலோசனை கேட்டால் போதும் என்பவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது.

ஐந்து: உதவித் தொகைக்குத் தகுதி இருந்தும் மனுச் செய்யாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆதார், ரேஷன் அட்டை, பாங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே தனி வட்டாட்சியர் இருக்கிறார். படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் கொடுக்க உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை அனுப்புங்கள். கிராம சபை கூடும்போது, "ஒன்றரை ஏக்கர் இருக்கிறது என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது" என்று தீர்மானம் போடுங்கள். கேட்காமல் எதுவும் வருவதில்லை.

ஏரியைப் பாருங்கள்

கடைசியாக ஒன்று. நம் ஊர் ஏரியை யார் பராமரிக்கிறார்கள்? பெரிய கரையும் மதகும் கலங்கலும் சர்க்கார் பொறுப்பு. தனி ஆளால் அதைக் கட்ட முடியாது. வாய்க்காலைத் தூர் வாருவது ஆயக்கட்டுக்காரர்கள் பொறுப்பு. தன் வயல் மடையைத் திறந்து கட்டுவது அவரவர் வேலை. கரை உடைந்தால், எத்தனை நன்றாக வாய்க்கால் வெட்டி வைத்திருந்தும் பயனில்லை. கரை நன்றாக இருந்து வாய்க்கால் தூர்ந்துபோனாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது.

முதுமையும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். சோற்றுக்கும் மருந்துக்கும் அடித்தளம் போடுவது வரிப்பணத்தின் வேலை. அதை நாம் தலை நிமிர்ந்து கேட்கலாம். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைப்பது அவரவர் வேலை. கை கொடுப்பது குடும்பத்தின் வேலை. அந்தக் கைக்கும் கூலி உண்டு, ஓய்வு உண்டு என்பதைக் குடும்பமும் சர்க்காரும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பின்வரிசைப் பெரியவரே, நீங்கள் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சர்க்காரும் போடவேண்டும், பிள்ளையும் போடவேண்டும். இரண்டில் ஒன்று போட்டால் போதும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பட்டாவை மட்டும் இன்னும் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன். உங்கள் மனுவைச் சேர்ந்தே எழுதலாம்.

அடுத்த வாரம் மணிலாவில் ஜிப்சம் இடுவது பற்றிப் பேசுவோம்.